வேரோடு பிடுங்குவதா, இருந்த இடத்திலேயே அடக்குவதா: காது நரம்புக் கட்டிக்கு ஆபரேஷனும் கதிரும்

அம்மாவுக்கு இடது காதில் போன் பேச்சு புரியவில்லை, அதுதான் ஆரம்பம். போன்தான் பழுது என்று நினைத்து டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் இரண்டு தடவை ஸ்பீக்கர் மாற்றிக்கொண்டு வந்தார். வலது காதில் வைத்தால் தெளிவாக இருக்கிறது, இடதில் வைத்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார். அன்றைக்கே நாங்கள் போனை விட்டுவிட்டுக் காதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அப்புறம் இரைச்சல் வந்தது, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் கேட்குமே, அது மாதிரி இருபத்துநான்கு மணி நேரமும். விடியற்காலை மாட்டுத்தாவணியிலிருந்து மல்லி வந்து இறங்கியதும் உட்கார்ந்து எட்டு மணிக்குள் சரம் கட்டி முடித்துவிடுகிறவர், எழுந்து நிற்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் தலைசுற்றல் மாத்திரை. குறும்பி எடுத்தார்கள், கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள், கழுத்துப் பட்டை கூடப் போட்டோம். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்துப் பாருங்கள் என்று அந்த ஒரு வருடத்தில் யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு காதும் சேர்ந்து மந்தமானால் வயசு என்று சொல்லலாம். ஒரு காது மட்டும் மந்தமானால், அதுவும் சத்தம் கேட்கிறது ஆனால் பேச்சு புரியவில்லை என்றால், காரணம் தெரியும்வரை விடாதீர்கள். கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இடது பக்கம் 19 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. வெஸ்டிபுலர் ஷ்வானோமா. பழைய பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா. சாதா கட்டிதான், கேன்சர் இல்லை.

கேன்சர் இல்லை என்றதும் வீட்டில் எல்லோரும் மூச்சுவிட்டோம். ஆனால் உண்மையான குழப்பம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. கேன்சராக இருந்தால் டாக்டர் சொல்வதைச் செய்திருப்போம். சாதா கட்டி என்பதால் நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஒருவர் ஆபரேஷன் என்றார், ஒருவர் கதிர்வீச்சு வைத்தியம் என்றார், மூன்றாமவர் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. இந்த இடத்தில் நிற்கிற குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டி எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மூளையிலிருந்து காதுக்குப் போகும் எட்டாம் நரம்பில் இரண்டு பங்கு உண்டு, ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று உடம்பை நிலையாக வைப்பதற்கு. அந்த இரண்டாவது பங்கைச் சுற்றியிருக்கும் உறையில் இருந்துதான் இந்தக் கட்டி முளைக்கிறது. பக்கத்திலேயே, ஒரே எலும்புக் குழாய்க்குள், ஏழாம் நரம்பு போகிறது. அதுதான் முக நரம்பு. கண்ணை மூடுவது, சிரிப்பது, வாயில் தண்ணீர் ஒழுகாமல் குடிப்பது எல்லாம் அதன் வேலை. கட்டி பெரிதாகும்போது குழாயைத் தாண்டி வெளியே வந்து சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் உட்காரும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஐந்தாம் நரம்பையும் தொடும். லட்சம் பேரில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய், பெரும்பாலும் நாற்பது வயதிலிருந்து அறுபது வயதுக்குள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். என் தாய்மாமா மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர், அவர் சொன்ன ஒரே வார்த்தை: "சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டா அடுத்த மழைக்கே துளுத்துக்கிரும், வேரோட பிடுங்கிப் போடணும்த்தா. கட்டிய உள்ளயே வச்சுக்கிட்டு என்னா வைத்தியம்?" அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பட்டது. உடம்புக்குள் வேண்டாதது ஒன்று இருக்கிறது, எடுத்துப் போட்டால் தீர்ந்தது, எடுக்காமல் வந்தால் வைத்தியமே நடக்கவில்லை என்பதுதான் நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது. நிறையப் பேர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அந்த எண்ணம்தான். நிறையப் பேர் கதிரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மண்டையைத் திறக்கிற பயம். இந்த இரண்டு காரணமும் தப்பு என்பது என் கருத்து.

கட்டியின் அளவுதான் முதல் கேள்வி. எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் எங்களோடு காத்திருந்தவர்களில் உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும், லோடு வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் இதே கட்டிதான், ஆனால் நான்கு சென்டிமீட்டர். மூளைத்தண்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. காலையில் தலைவலியும் வாந்தியும் வந்து, பார்வை மங்குகிறது என்று கண் டாக்டரிடம் போனபோதுதான் கண் நரம்பு வீங்கியிருப்பது தெரிந்து ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குத் தேர்வு என்று ஒன்றே கிடையாது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போய் மூளைத்தண்டை அழுத்தினால், மூளையில் நீர் அடைத்தால், ஆபரேஷன்தான். கதிர் கட்டியை ஒரே நாளில் சுருக்காது, சில சமயம் முதலில் கொஞ்சம் வீங்கவும் செய்யும். இடமே இல்லாத மண்டைக்குள் அந்த வீக்கத்தைத் தாங்க முடியாது. ஆகவே இந்த ஒப்பீடு முழுக்கச் சின்னதும் நடுத்தரமுமான கட்டிகளுக்குத்தான், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டருக்குள், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் இருப்பவர்கள் கட்டுரை படித்துக்கொண்டு நேரத்தை விட வேண்டாம்.

ஆபரேஷனைப் பற்றி எங்களுக்கு விளக்கிய நரம்பியல் அறுவை டாக்டர் அரை மணி நேரம் ஒதுக்கிப் படம் வரைந்து காட்டினார், அவருக்கு நன்றி. காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து போவது ஒரு வழி. உள்காது வழியாகப் போவது இன்னொரு வழி, அதில் முக நரம்பு நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்தக் காதின் கேட்கும் சக்தி அத்தோடு முடிந்தது. காதுக்கு மேலே இருந்து போகும் மூன்றாவது வழி, காது இன்னும் நன்றாகக் கேட்கிற சின்னக் கட்டிகளுக்கு. மைக்ரோஸ்கோப் வைத்து, முக நரம்பு எங்கே இருக்கிறது என்று மின்துடிப்பால் சோதித்துக்கொண்டே, பல மணி நேரம் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்து குடைந்து எடுப்பார்கள். ஒன்றிரண்டு நாள் ஐ.சி.யூ., அப்புறம் ஏறத்தாழ ஒரு வாரம் வார்டு, பழைய வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம். எழுந்த முதல் நாட்களில் தலைசுற்றல் கடுமையாக இருக்கும், ஏனென்றால் நிலைநரம்பையே எடுத்துவிடுகிறார்கள். மூளை மற்றக் காதை வைத்துச் சமாளிக்கப் பழகும், அதற்கு நடைப்பயிற்சி, தலையைத் திருப்பும் பயிற்சி எல்லாம் உண்டு. மூளை நீர் காயம் வழியாகவோ மூக்கு வழியாகவோ கசிவது, அதனால் வரும் மூளைக் காய்ச்சல், பல மாதம் நீடிக்கும் தலைவலி, இவை பொதுவாக வரக்கூடிய சிக்கல்கள். எல்லோருக்கும் வராது.

எல்லாவற்றையும் விட முகம்தான் என்னைப் பயமுறுத்தியது. கட்டி பெரிதாக இருக்கும்போது முக நரம்பு நூல் மாதிரி தட்டையாகிக் கட்டியின் மேல் ஒட்டிக் கிடக்கும். மாமாவின் கருவேலத்துக்கு டாக்டர் கொடுத்த பதில் இதுதான்: "வேரோட பிடுங்கலாம்ங்க, ஆனா முகம் போற நரம்பும் அந்த வேரோடதான் இருக்கு." அதனால் இப்போது பெரிய கட்டிகளில் நிறைய அறுவை டாக்டர்கள் நரம்பின் மேல் கட்டியின் ஒரு மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மீதியை எடுத்துவிட்டு, விட்டதை ஸ்கேனில் கண்காணிக்கிறார்கள், அது வளர்ந்தால் கதிர் கொடுக்கிறார்கள். அதாவது முழுசாக எடுத்தாச்சு என்கிற நிம்மதி ஆபரேஷனிலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இதைக் கேட்டதும் மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்கும் அதுதான் திருப்பம்.

அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரத்துல நடுப்பூவு அழுகிப்போச்சுன்னா அதை மட்டும் உருவ முடியாதுடி, நாரு தளர்ந்து பக்கத்துப் பூவும் விழுந்துரும்" என்றார். டாக்டரின் படத்தை விட எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

இனி கதிர். நம் பக்கத்தில் கதிர் வைத்தியத்தை 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள், கேட்டவுடன் எல்லோருக்கும் முடி கொட்டி, வாய் புண்ணாகி, முப்பது நாள் அலைந்த யாரோ ஒரு சொந்தக்காரர் ஞாபகம் வரும். இது அந்த மாதிரி இல்லை. ரேடியோ சர்ஜரி என்பது பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பது. ஒவ்வொரு கதிரும் தனியாகப் போகும் வழியில் பெரிய சேதம் செய்யாது, எல்லாம் சந்திக்கிற இடத்தில் மட்டும் அளவு கூடும். இந்த யோசனைக்கு 1951இல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு அறுவை டாக்டர் லார்ஸ் லெக்செல், அவருடைய முதல் காமா நைஃப் கருவி 1968இல் வந்தது. பெயரில்தான் கத்தி, உண்மையில் தோலில் ஒரு கீறல் கூடக் கிடையாது. இப்போதுள்ள கருவிகளில் கதிரை வெளிவிடும் கோபால்ட் மூலங்கள் 192 வரை இருக்கின்றன. கோபால்ட் ஐந்தேகால் வருடத்தில் பாதி பலம் இழக்கும், அதனால் மூலம் பழசானால் அதே அளவைக் கொடுக்க நேரம் கூடும். காமா நைஃப் மட்டும்தான் என்றில்லை, சைபர் நைஃப், லீனாக் கருவிகளிலும் இதே வைத்தியம் உண்டு, அவற்றில் தலை அசையாமல் பிடிக்கும் சட்டத்தை மண்டையில் திருகாமல் முகத்துக்கு வலைமுகமூடி போட்டு ஒன்றிலிருந்து ஐந்து தடவை வரை பிரித்துக் கொடுப்பார்கள். சென்னை அப்போலோவில் 2009லேயே சைபர் நைஃப் வந்துவிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் காமா நைஃப் இருக்கிறது. எந்தக் கருவி என்பதை விட, இந்தக் கட்டிக்கு அந்தக் குழு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்று கேட்பதுதான் பலன்.

அந்தக் கதிர் கட்டியை எரித்து எடுக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டி அங்கேயேதான் இருக்கும். அதன் செல்கள் பெருகுகிற சக்தியை இழக்கும், அதற்குள் ஓடும் சின்ன இரத்தக் குழாய்கள் மெதுவாக அடைபடும், சில வருடத்தில் கொஞ்சம் சுருங்கலாம், அல்லது அதே அளவில் நின்றுவிடலாம். வளராமல் நின்றாலே அது வெற்றி. அந்த அர்த்தத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெற்றிதான். பழைய காலத்தில் அளவு அதிகமாகக் கொடுத்து முக நரம்பைப் பாதித்தார்கள், இப்போது கட்டியின் ஓரத்தில் 12 அல்லது 13 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) போதும் என்று குறைத்துவிட்டதால் முகம் கோணுவது மிகவும் அபூர்வம். ஆபரேஷனோடு ஒப்பிட்டால் கதிரின் பெரிய லாபம் அந்த முகம்தான்.

காது விஷயத்தில் இரண்டுமே நம்மைக் காப்பாற்றாது என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஆபரேஷனில் கேட்கும் சக்தி போவதாக இருந்தால் அன்றைக்கே போய்விடும். கதிரில் முதல் வருடம் அப்படியே இருக்கும், அப்புறம் மெதுமெதுவாகக் குறையும். கதிர் எடுக்கும்போது நன்றாகக் கேட்டவர்களில் ஐந்து வருடத்தில் பாதிப் பேர், பத்து வருடத்தில் அதை விட அதிகம் பேர், அந்தக் காதில் பயனுள்ள அளவு கேட்பதை இழக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அதே கதைதான் பலருக்கு. மொத்தமாகப் பணம் கட்டுவதற்கும் தவணையில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபரேஷனில் என்ன இழக்கப் போகிறோம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அப்புறம் பெரும்பாலும் தேறுவதுதான். கதிரில் முதல் நாள் எதையும் இழக்க மாட்டீர்கள், ஆனால் வருடாவருடம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, ஆடியோகிராம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பயந்துகொண்டு இருப்பீர்கள். இந்த இரண்டில் எது உங்கள் மனசுக்குத் தாங்கும் என்பதுதான் என் பார்வையில் மையமான கேள்வி, அதற்கு டாக்டரால் பதில் சொல்ல முடியாது.

இரைச்சலுக்கும் இதே நேர்மை வேண்டும். காதுச் சீறல் போய்விடும் என்று எதிர்பார்த்து ஆபரேஷனோ கதிரோ செய்துகொள்ளாதீர்கள், இரண்டிலும் அதற்கு உத்தரவாதம் இல்லை. விடாத கடுமையான தலைசுற்றல் இருந்தால் மட்டும் ஆபரேஷன் பக்கம் ஒரு புள்ளி சேர்க்கலாம்.

மூன்றாவது வழியான காத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கட்டி சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும், பல வருடம் வளராமலே இருப்பவர்களும் நிறைய. நார்வேயில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட, இரண்டு சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டியோடு இருந்த 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே கதிர், பாதிப் பேருக்குக் காத்திருந்து பார்ப்பது என்று நான்கு வருடம் கவனித்தார்கள். முடிவு 2023இல் வெளிவந்தது. கதிர் எடுத்தவர்களுக்குக் கட்டி சுருங்கியிருந்தது, காத்திருந்தவர்களுக்குச் சராசரியாக வளர்ந்திருந்தது. ஆனால் கேட்கும் திறனிலும் அன்றாட வாழ்க்கையின் நிறைவிலும் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு நடுவில் கதிர் தேவைப்பட்டது, பாதிப் பேருக்கு அந்த நான்கு வருடத்தில் எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை. எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டி தற்செயலாகக் கண்ணில் பட்டால், நான் காத்திருக்கத்தான் சொல்வேன். ஆனால் காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருடத்துக்கு ஒன்று, அதை விடாமல் எடுக்கிற குடும்பமா நாம் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்தி கேட்ட கேள்வி எல்லா வீட்டிலும் வரும்: கதிர் வைத்தால் அதனாலேயே கேன்சர் வந்துவிடாதா? ஆபத்து பூஜ்யம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் அது மிக மிகச் சிறியது, பொது ஜனங்களுக்கு மூளையில் கேன்சர் வருகிற அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று 2019இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அம்மாவின் வயதுக்கு அது எனக்குப் பயமாகத் தெரியவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு என்றால் இன்னும் அறுபது வருடம் இருக்கிறதே, நான் ரொம்பவே யோசித்திருப்பேன். இளவயதில், அதுவும் இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், அது என்.எஃப். 2 என்கிற மரபணுக் கோளாறாக இருக்கலாம், அதற்குக் கணக்கே வேறு, அதைத் தெரிந்த பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆபரேஷன் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, எடுத்த சதையைப் பரிசோதித்து இது என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியும். கதிரில் ஸ்கேன் படத்தை நம்பித்தான் போகிறோம், இந்தக் கட்டிக்கு அந்தப் படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆனால் அதே இடத்தில் மெனிஞ்சியோமா என்கிற மூளை உறைக் கட்டி வந்தாலும் பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். இரண்டு, கதிர் எடுத்தும் கட்டி வளர்ந்து, அப்புறம் ஆபரேஷன் என்றால், சுற்றுப்புறத் திசுக்கள் ஒட்டிப்போய் முக நரம்பைப் பிரிப்பது கடினம் என்று அறுவை டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்படி ஆவது சில பேருக்குத்தான், ஆனாலும் கதிர் முதலில், சரியாக வராவிட்டால் ஆபரேஷன் என்று அதை ஒரு செலவில்லாத சோதனை மாதிரி நினைக்கக் கூடாது.

வேறு சாதா கட்டிகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்றால் மூக்கு வழியாகவே எடுப்பார்கள், அதில் புரோலாக்டின் என்கிற ஹார்மோனைச் சுரக்கும் வகை மாத்திரையிலேயே சுருங்கும். மூளையின் மேற்பரப்பில் எளிதாக எட்டுகிற மெனிஞ்சியோமாவுக்கு ஆபரேஷன்தான் முதல். பார்வை நரம்பை ஒட்டிய கட்டிக்கு ஒரே தடவையில் அதிகக் கதிர் கொடுத்தால் பார்வை போகும்.

பணமும் தூரமும். மதுரையிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் மூளை அறுவைப் பிரிவு உண்டு, ஆகவே ஆபரேஷனுக்கு ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மூளை ஆபரேஷன் எல்லாம் ஒன்றில்லை. இந்த இடத்துக் கட்டியை வருடத்துக்கு எத்தனை எடுக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு ஒரு வருடம் கழித்துக் கண் முழுசாக மூடுகிறது என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படாத டாக்டரிடம் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. நீங்கள் போகிற மருத்துவமனைக்கும் நீங்கள் தேர்ந்தெடுத்த வைத்தியத்துக்கும் அது செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்னால் அங்கேயே உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கதிருக்கு ஒரு நாள் செலவு பெரிதாகத் தெரியும், ஆனால் ஆபரேஷனில் ஐ.சி.யூ., துணைக்கு இருப்பவர்களின் கூலி இழப்பு, மூன்று மாத ஓய்வு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி குறையும். மறுபுறம் கதிரில் வாழ்நாள் முழுக்க எம்.ஆர்.ஐ., ஒவ்வொன்றும் சில ஆயிரம். அப்புறம் ஒரு விஷயம், இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது ஸ்கேன் பிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள், சி.டி.யோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். நாங்கள் பிலிமோடு போய் ஒரு பயணம் வீணானது.

அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரை உண்டு. 19 மில்லிமீட்டர் கட்டி, மூளைத்தண்டைத் தொடவில்லை. ஆறு மாதம் காத்திருந்து எடுத்த இரண்டாவது ஸ்கேனில் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது, ஆகவே காத்திருக்கும் வழி மூடிவிட்டது. இடது காதில் பேச்சு ஏற்கெனவே பாதிக்கு மேல் புரியவில்லை, எனவே காதைக் காப்பதற்காக ஆபரேஷன் என்கிற வாதத்துக்கு எங்களிடம் வேலை இல்லை. மிச்சம் இருந்தது முகம். அம்மாவிடம் கேட்டோம், உனக்கு எதும்மா பயம் என்று. "காது போனா போகட்டும்டி. பூவாங்க வர்றவுக முகத்தைப் பார்த்துத்தான பேசுறாக, வாயி கோணிக்கிட்டு நான் எப்படி உக்காருவேன்" என்றார். அத்தோடு கதிர்தான் என்று முடிவாகிவிட்டது. மாமாவுக்குத்தான் கடைசிவரை முழு சம்மதம் இல்லை, ஆனாலும் பயணச் செலவுக்கு முதலில் பணம் நீட்டியவர் அவர்தான்.

மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் பெங்களூரு. மறுநாள் நெற்றியில் இரண்டு, பின்னால் இரண்டு என்று மரத்துப்போகும் ஊசி போட்டுச் சட்டத்தைத் திருகினார்கள். அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க வலித்தது அந்த ஊசி மட்டும்தான். சட்டத்தோடு ஒரு எம்.ஆர்.ஐ., அதை வைத்து அறுவை டாக்டரும் கதிர் டாக்டரும் இயற்பியலாளரும் சேர்ந்து திட்டம் போடச் சில மணி நேரம், அப்புறம் கருவிக்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 12 கிரே. முடி கொட்டவில்லை. மறுநாள் வீடு. வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியது, ஒரு வாரம் இன்சுலின் கூட்டிப் போட வேண்டியிருந்தது. சர்க்கரை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லித் தயாராக இருங்கள்.

ஆறாவது மாத ஸ்கேனில் கட்டி 23 மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. மாமா போன் பண்ணி ஒன்றும் சொல்லாமல் "சரி, பார்ப்போம்த்தா" என்று மட்டும் வைத்துவிட்டார். டாக்டர் படத்தைப் பார்த்து, கட்டியின் நடுப்பகுதி கறுத்திருக்கிறது, உள்ளே செத்துக்கொண்டு வீங்குகிறது, முதல் ஒன்றரை வருடத்தில் இது பலருக்கு வரும், இதைப் பார்த்துப் பயந்து ஆபரேஷனுக்கு ஓடாதீர்கள் என்றார். கதிரைத் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொருவரும் இந்த ஒரு வரியை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது. ஒன்றரை வருடத்தில் 20, போன ஸ்கேனில் 18. இடது காதில் இப்போது போன் பேச்சு சுத்தமாகப் புரிவதில்லை, சீறல் அப்படியே இருக்கிறது. வாசலில் உட்காரும்போது வாங்க வருகிறவர்கள் வலது பக்கம் வருகிற மாதிரி இடம் மாற்றிக்கொண்டார்.

உசிலம்பட்டி அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனது. எட்டு மணி நேரத்துக்கு மேல். கட்டியில் முக்கால்வாசிக்கு மேல் எடுத்து, நரம்பை ஒட்டியதை விட்டுவிட்டார்கள். முதல் நான்கு மாதம் இடது கண் மூடவில்லை, பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டித் தூங்கினார். ஐந்தாம் நரம்பும் மரத்துப்போனதால் கண்ணில் தூசி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது, கருவிழியில் புண் வந்துவிடும் என்று மாதாமாதம் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருப்பது அந்த விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பெரிய துணை. இப்போது கண் மூடுகிறது, சிரித்தால் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்குகிறது. தலைவலி இல்லை, பார்வை மேலும் மங்காமல் நின்றது, உயிர் இருக்கிறது. அவருக்கு அதுதான் சரியான வழி, அம்மாவுக்கு இதுதான்.

மிச்சம் விட்ட கட்டிக்கு அவருக்கும் வருடத்துக்கு ஒரு ஸ்கேன். சித்திரைத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே நாளில் எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.